பலாலிக்குப் போன பால்சுறா

14

"ஆருக்குப் பிள்ளை பால்சுறா?"

பருத்தித்துறைச் சந்தையில் மீனைக் கூறு போட்டுக்கொண்டே தங்கமுத்து கேட்டபோது நாகேஸ்வரிக்குச் சட்டென்று ஒரு பொய் வாயில் வரவில்லை.

"தெரிஞ்ச ஒராளுக்கு மாமி. பிள்ளை பிறந்திருக்கு."

"எங்கை, உங்கடை ஒழுங்கையிலையோ? எனக்குத் தெரியாமல் அங்கை ஆர் பெத்தது?"

"ஒழுங்கையிலை இல்லை. தூரத்திலை."

அதற்குமேல் கேட்காமல் தங்கமுத்து ஒரு சின்னச் சுறாவைத் தாமரை இலையில் சுற்றிக் கொடுத்தாள். அந்தக் கரையில் பால்சுறா கேட்டு வருகிறவர்களிடம் கேள்விக்கு வேலையில்லை. அவித்து, முள் நீக்கி, உதிர்த்து, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டு வறுத்துக் கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும். வேறு எதற்காகவும் அதை யாரும் தேடி வாங்குவதில்லை.

நாகேஸ்வரி பொதியைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இன்னும் வடிவாக விடியவில்லை. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரமும் எண்ணெயும் மணத்தன.

தூரத்தில் என்றாளே, அது எவ்வளவு தூரம் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. லண்டன் என்ற பெயர் தெரியும். அங்கே குளிர் என்று தெரியும். அந்தக் குளிருக்குள் தன் தங்கை கனகாம்பிகை ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீர் வார்க்கவும் சரக்கு அரைக்கவும் ஆளில்லாமல் இருக்கிறாள் என்பது போன கிழமைதான் தெரிந்தது.

சொன்னவன் சந்தியோகு. பருத்தித்துறையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, பலாலியிலிருந்து விமானத்தில் கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்புகிற ஏஜென்ற். அவனுடைய கொட்டிலில்தான் நாகேஸ்வரி பெட்டி கட்டுகிறாள். லண்டனில் ஒரு கடைக்காரர் பருத்தித்துறை மீன்தான் வேண்டுமென்று நிற்கிறார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்ன சந்தியோகு, மற்றவர்கள் போன பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கடைக்காரர் வேறை ஆருமில்லை. உங்கடை தில்லைநாதன். ஏரம்பு அண்ணையின்ரை காதிலை விழுந்திடக்கூடாது."

மீன்பிடிச் சங்கத்துக்குக் கணக்கெழுத வந்த சண்டிலிப்பாய்ப் பெடியன் தில்லைநாதன், கனகத்தை விரும்பினவன். தோட்டக்காரர் குடும்பம். கடல்கரை வீட்டில் பெண்ணெடுக்க அந்தப் பக்கத்தில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. தோட்டக்காரன் வீட்டில் போய்த் தலைகுனிந்து நிற்க இந்தப் பக்கத்தில் தகப்பன் ஏரம்புவும் தயாராக இல்லை. ஒரு நாள் காலையில் கனகத்தின் பாய் சுருட்டாமல் கிடந்தது. அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு ஏரம்பு தன் இளைய மகளின் பெயரை உச்சரித்ததில்லை. வீட்டிலும் யாரும் உச்சரிக்கக்கூடாது.

தாய் பூரணம் கண்ணை மூடியபோது கனகம் பாவாடை கட்டத் தெரியாத பிள்ளை. தலை வாரி இழுத்து, சோறு குழைத்துத் தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் நாகேஸ்வரி. தங்கை போன பிறகு தமக்கைக்கு வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு கலியாணப் பேச்சும் நின்றுபோனது. அதற்காக அவள் கனகத்தின்மேல் கோபப்பட்டாளா என்றால், பட்டாள். கோபம் ஒரு மாரிகாலத்துக்கு மேல் நிலைக்கவில்லை. ஏக்கம் மட்டும் மிஞ்சியது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவள் தலை தானாகத் திரும்பும்.

வீட்டில் சரக்குத்தூள் தயாராக இருந்தது. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள் எல்லாம் முதல் நாளே வறுத்து இடித்து, பிள்ளை பெற்றவளுக்குக் கறிவைக்கிற பக்குவத்தில் அரித்து, பொலித்தீன் பையில் கட்டியிருந்தாள். தமக்கை இருந்து செய்யவேண்டிய வேலை. கையால் செய்ய முடியாததைப் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்று நினைத்திருந்தாள்.

கொட்டிலுக்குப் போனதும் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிகளை வரிசையாக வைத்தாள். அடியில் மரத்தூள், அதற்கு மேல் பொலித்தீன் விரிப்பு, பிறகு ஐஸ், மீன், ஐஸ். விடியப்புறம் வந்து சேர்ந்த ஏரம்புவின் மிசின் வள்ளத்தில் நல்ல விளைமீனும் கலவாயும் பாரையும் இருந்தன. கடைசிப் பெட்டியின் நடுவில் பால்சுறாவையும் சரக்குத்தூளையும் வைத்து, மேலே விளைமீனை அடுக்கி மூடினாள்.

ஆணி அடித்து முடித்து நிமிர்ந்தபோது வாசலில் ஏரம்பு நின்றார். தலைக்குத் தோய்ந்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்.

"ஐயா, எங்கை வெளிக்கிட்டிட்டியள்?"

"பலாலிக்கு."

"நீங்களோ?"

"பின்னை? கொழும்பு வரைக்கும் என்ரை மீன் பறந்திருக்கு. லண்டனுக்கு இண்டைக்குத்தானே முதல் தரம். என்ரை மீன் பறக்கிறதை நான் ஒருக்கால் பாக்கக்கூடாதோ?"

அவர் அவளைக் கடந்து போய், பெட்டிகள் ஏற்றுகிற வானின் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தார். நாகேஸ்வரி கடைசிப் பெட்டியை மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளி ஏற்றினாள்.

*

வல்வெட்டித்துறை தாண்டி, தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டி, வான் செம்மண் பூமிக்குள் ஏறியது. வழியெல்லாம் வெங்காயமும் புகையிலையும். கிணற்றுத் துலா மிதிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்த ஏரம்பு, "இவங்கள் கிணத்துத் தண்ணியை நம்பிச் சீவிக்கிறாங்கள்" என்றார். அதில் ஏளனமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"ஐயா, லண்டனிலை ஆர் உங்கடை மீனைத் தின்னப்போகினம் எண்டு நினைச்சுப் பாத்தியளோ?" நாகேஸ்வரி பின்சீற்றிலிருந்து கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆரோ துரைமார்."

"எங்கடை ஆக்களும் அங்கை இருக்கினம்தானே."

ஏரம்பு திரும்பவில்லை. "இருந்தால் காசு குடுத்து வாங்கித் தின்னட்டும்" என்றார்.

பலாலிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடுபாதை வெறுமையாகக் கிடந்தது. சந்தியோகு சரக்குக் கொட்டிலின் வாசலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வானிலிருந்து இறங்கிய ஏரம்புவைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"அண்ணை, நீங்களும் வந்திட்டியளோ?"

"ஏன், வரக்கூடாதோ?"

"சீச்சீ, அப்பிடியில்லை. பிளேன் இன்னும் வரேல்லை. கொழும்பிலை, இரத்மலானையிலை மழையாம். சுணங்கும்."

வெயில் ஏறியது. தகரக் கூரை முறுகி முறுகிச் சத்தமிட்டது. பயணிகள் உள்ளே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். சரக்குக் கொட்டிலில் மின்விசிறி இல்லை. மீன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கோல் விரித்துக் கட்டிய மரக்கறிக் கூடைகள் சில இருந்தன. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாழைப்பொத்தியும் வைக்கோலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. கூடைகளின் சொந்தக்காரர் போலிருக்கிறது, நாஷனல் சேட்டும் சால்வையுமாக ஒரு வயதானவர் அவற்றுக்குக் காவல் நின்றார்.

நாகேஸ்வரி பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஈரச் சாக்கை நனைத்து நனைத்துப் போட்டாள். கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அதையே பார்த்தாள்.

ஒரு வழியாக வானத்தில் இரைச்சல் கேட்டது. விமானம் இறங்கி, செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சரக்கு ஏற்றும் பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வந்து ஒவ்வொரு பெட்டியையும் காலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். கடைசிப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

பெட்டியின் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சீமெந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"உதை ஏத்தேலாது."

"ஐயோ ஐயா, கொஞ்சத் தண்ணிதானே" என்றாள் நாகேஸ்வரி.

"உப்புத்தண்ணி, தங்கச்சி. பிளேனின்ரை தகட்டைத் தின்னும். திறந்து, தண்ணியை வடிச்சு, காஞ்ச சாமான் வைச்சுக் கட்டித் தந்தால் ஏத்துவன். ஆக்கள் ஏறி முடியிறதுக்குள்ளை. இல்லாட்டி வீட்டை கொண்டு போங்கோ."

நாகேஸ்வரி பாய்ந்து போய்ப் பெட்டியின் முன்னால் குந்தினாள். "நான் செய்யிறன். ஐயா, நீங்கள் அங்காலை போய் இருங்கோ. வேட்டி ஊத்தையாகும்."

"விசர்க்கதை கதையாதை. தள்ளு."

"நான் செய்யிறன் எண்டுறனல்லே!"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. ஏரம்பு அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த ஆணி பிடுங்கியை வாங்கி, ஒரு நெம்பில் மூடியைக் கழற்றினார்.

மேல் ஐஸ் முழுதாகக் கரைந்திருந்தது. விளைமீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மூடிமேல் வைத்தார். சாய்த்துத் தண்ணீரை வடித்தார். பொலித்தீன் விரிப்பு ஓர் ஆணியில் மாட்டிக் கிழிந்திருந்தது. அடியில் மரத்தூள் சேறாகியிருந்தது.

"காஞ்ச மரத்தூள் இருக்கோ, சந்தியோகு?"

"இல்லை அண்ணை."

"இந்தாரும்." பக்கத்தில் நின்ற வயதானவர் தன் கூடையொன்றை அவிழ்த்து, இரண்டு கை நிறைய வைக்கோலை அள்ளி நீட்டினார். "முருங்கைக்காய்க்கு இவ்வளவு தேவையில்லை. உம்மடை மீனுக்கு வையும்."

ஏரம்பு தலையாட்டி வாங்கி அடியில் பரப்பினார். பெரியவர் இன்னும் வைக்கோல் எடுக்கக் கொட்டிலின் மறு கோடியில் கிடந்த கூடைக்குப் போனார். ஏரம்பு மீதி மீனை எடுக்கக் கையை உள்ளே விட்டார்.

கை அப்படியே நின்றது.

அவர் பால்சுறாவை வெளியே எடுத்தார். மறு கையில் சரக்குத்தூள் பை வந்தது. பொலித்தீனுக்குள்ளிருந்தும் மிளகு மணத்தது. பூரணம் கனகத்தைப் பெற்றுப் படுத்திருந்தபோது அந்த வீடு முழுவதும் மணத்த அதே மணம். நாகேஸ்வரிக்கு அது நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்திருக்கவேண்டும். அவர் பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு இறக்கினார்.

கடல்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதனுக்கு இந்த இரண்டையும் ஒன்றாகக் கண்டபிறகு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

"ஆருக்கு?" என்றார்.

நாகேஸ்வரி ஈரச் சாக்கைப் பிழிந்தாள்.

"லண்டனுக்குப் போற பெட்டியிலை பால்சுறா. ஆருக்கெண்டு கேக்கிறன்."

"ஐயா…"

"கனகத்துக்கோ?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. நாகேஸ்வரிக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன பிள்ளை?"

"பெட்டை."

"தாயும் பிள்ளையும் சுகமோ?"

"சுகமாம்."

"அப்ப, லண்டன் கடை அவன்ரையோ?"

அதற்கும் தலையை ஆட்டினாள். இனி என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பார். எல்லாப் பெட்டியையும் வானில் ஏற்றச் சொல்லுவார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தச் சின்னப் பிள்ளைக்குப் பெரியம்மா என்று சொல்லி அனுப்பக்கூடிய ஒரே ஒரு பொதியும் இந்தச் சீமெந்தில் கிடந்து நாறும்.

ஏரம்பு சுறாவைப் புரட்டினார். செவுளை விரலால் விரித்துப் பார்த்தார். மோந்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஆரிட்டை வாங்கினனி உதை?"

"தங்கமுத்து மாமியிட்டை."

"நேத்தையான் மீன். விடியாத இருட்டிலை உனக்குத் தெரியேல்லை. லண்டனுக்குப் போய்ச் சேரேக்கை உது பழுதாகிப் போகும். இதைத் திண்டால் தாய்க்கு வயித்தாலை போகும், பிள்ளைக்கும் போகும். பிள்ளைப்பெத்தவளுக்குக் குடுக்கிற சாமானே உது?"

கையை ஓங்கி வீசினார். சுறா வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. எங்கிருந்தோ இரண்டு காகங்கள் இறங்கின.

நாகேஸ்வரி அழுதேவிட்டாள். சத்தம் வராமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஏரம்பு அவளைப் பார்க்கவில்லை. மூடிமேல் கிடந்த விளைமீன்களுக்குள் கையை விட்டு, பெரியவற்றைத் தள்ளி, சின்னதாக, கண் பளபளவென்று இருந்த இரண்டைத் தெரிந்தெடுத்தார். பொலித்தீன் துண்டொன்றில் அவற்றைத் தனியாகச் சுற்றினார். சரக்குத்தூள் பையை அதோடு சேர்த்துக் கட்டினார்.

"விளைமீன் பத்தியத்துக்குக் கூடாததில்லை" என்றார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாத ஒரு குரல். "உள்ளி கனக்கப் போடச் சொல்லு. புளி விடவேண்டாம் எண்டு சொல்லு. அவளுக்கு ஒண்டும் தெரியாது. நீதான் அடுப்படிக்குள்ளை விடாமல் வளர்த்தனி."

"ஐயா!"

"அழுதுகொண்டு நிக்காதை. ஐஸ் கரையுது. கெதியா அடுக்கு."

மற்றப் பெட்டிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஐஸ் எடுத்துப் போட்டார்கள். பெரியவர் கொண்டுவந்த மிச்ச வைக்கோலை மூலைகளில் திணித்தார்கள். சந்தியோகு தன் மழைக்கோட்டைக் கொடுத்து உள்ளே விரிக்கச் சொன்னான். ஏரம்பு ஆணி அடித்தார். உத்தியோகத்தர் வந்து பெட்டியின் அடியைக் கையால் தடவி, கையைப் பார்த்து, "சரி, ஏத்துங்கோ" என்றார்.

பெட்டி வண்டிலில் ஏறும்போது ஏரம்பு பின்னாலேயே நாலு எட்டு நடந்தார். அதற்கு மேல் அவரைப் போகவிடவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்றார்.

"நாகேசு."

"ஓம், ஐயா."

"சுறாவை நான் பாத்துக்கொள்ளுறன். வாற பிளேனுக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பிள்ளைக்கு என்ன பேராம்?"

"இன்னும் வைக்கேல்லையாம்."

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

*

பெட்டிகளோடு கொழும்புவரை போவது சந்தியோகுவின் வழக்கம். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோய்ப் பெரிய விமானத்தில் ஏற்றவேண்டும். கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவன், ஏரம்பு தூரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு நாகேஸ்வரிக்குக் கிட்ட வந்தான்.

"தேத்தண்ணி குடிக்கவும் நேரமில்லை, அக்கா. ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். வைக்கோல் தந்த அந்தப் பெரியவர் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது. நல்ல மனிசன்."

"தம்பிஐயா. சண்டிலிப்பாய். தில்லைநாதனின்ரை தேப்பன்."

நாகேஸ்வரி அவனையே பார்த்தாள்.

"அவரின்ரை மரக்கறியும் அந்தக் கடைக்குத்தான் போகுது. கடை ஆரின்ரை எண்டு அவருக்கு வடிவாத் தெரியும். தெரியாத மாதிரி என்னட்டைக் கதைப்பார். முத்தின கத்தரிக்காய் ஒண்டுகூடக் கூடைக்குள்ளை போக விடமாட்டார். மகனின்ரை பேரை மட்டும் சொல்லமாட்டார். உங்கடை ஐயா மாதிரித்தான்."

"பிள்ளை பிறந்தது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தேப்பனுக்குத் தானே எழுதுறன், நீ வாய் திறவாதை எண்டு தில்லைநாதன் சொன்னவர். ரெண்டு பேரும் ஒரே நாளிலை இஞ்சை வந்து நிப்பினம் எண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை. அக்கா, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். ரெண்டு பேரையும் கதைக்க விடாதையுங்கோ."

யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சந்தியோகு ஓடினான். படி ஏறும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். அது விடைபெறும் கையா, எச்சரிக்கும் கையா என்று தெரியவில்லை.

விமானம் உருண்டது. ஓடியது. பனைகளுக்கு மேலே எழும்பித் தெற்கே திரும்பியது. நாகேஸ்வரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சீமெந்தில் குந்தியிருந்து கட்டிய அந்தச் சின்னப் பொதி அதற்குள் இருக்கிறது. நாளைக்கோ மறுநாளோ கனகம் அதை அவிழ்ப்பாள். முடிச்சைப் பார்த்ததுமே யார் கட்டியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கடல்காரன் போடுகிற முடிச்சு, அந்த ஊரில் வேறு யாருக்கு வரும்? தெரிந்ததும் அழுவாளா? மடியில் கிடக்கிற பிள்ளை அவள் அழுகிறதைப் பார்த்து முழிக்குமா? பிள்ளை யாரைப் போல இருக்கும்? கனகத்தைப் போல நெற்றி அகலமாக இருக்குமா? ஒரு தரம், ஒரே ஒரு தரம் அந்த நெற்றியில் கை வைத்துப் பார்க்க முடிந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. தன் வெறுங்கையைச் சீலையில் துடைத்தாள். மீன்செதில் ஒட்டியிருந்தது.

இரைச்சல் அடங்கியதும்தான் சந்தியோகு சொன்னது நினைவுக்கு வந்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பிந்திவிட்டாள்.

சரக்குக் கொட்டிலின் நிழலில் கிடந்த நீள வாங்கில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிஐயா மடியிலிருந்து சுருட்டு எடுத்து ஏரம்புவுக்கு நீட்டினார்.

"என்ரை தோட்டத்துப் புகையிலை. பத்திப் பாரும்."

"வைக்கோலும் தந்து சுருட்டும் தாறியள், அண்ணை."

"வைக்கோல் என்ன வைக்கோல்! மாடு தின்னுற சாமான். உம்மடை மீனைப் பாத்தன். அப்பிடி மீன் எங்கடை பக்கத்துச் சந்தைக்கு வாறதில்லை. வந்து சேரேக்கை கண் செத்துப்போகும்."

"ஒரு நாள் பருத்தித்துறைக்கு வாருங்கோ. வள்ளத்திலையிருந்தே எடுத்துத் தாறன்."

ஏரம்பு சிரித்தார். நாகேஸ்வரிக்குத் தன் கண்ணை நம்ப முடியவில்லை. வேற்று மனிதரோடு உட்கார்ந்து தகப்பன் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! கூப்பிடலாமா, வான்காரன் அவசரப்படுகிறான் என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தபடி விறுவிறென்று நடந்தாள்.

"அப்ப, அந்தப் பெட்டிக்குள்ளை ஒரு பொதி வைச்சுக் கட்டினீரே," என்றார் தம்பிஐயா. "நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். உம்மடை பிள்ளை அழுதது. ஏதும் துக்கமோ?"

"துக்கமில்லை, அண்ணை."

ஏரம்பு சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். ஓடுபாதையைப் பார்த்தார். வெயிலில் அது தண்ணீர் போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. நாகேஸ்வரி கிட்ட வந்துவிட்டாள். "ஐயா" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

"என்ரை சின்ன மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு" என்றார் ஏரம்பு.

நாகேஸ்வரியின் கால் நின்றுவிட்டது. மகள் என்றார். வீட்டில் சொல்லாததை, தன்னிடமும் சொல்லாததை, யாரென்று தெரியாத ஒருவரிடம் சொன்னார்.

"நல்ல விசயம்! பெடியோ?"

"பெட்டை. எனக்கு இப்பத்தான் தெரியும். அந்தப் பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும்." சுருட்டை விரல்களுக்குள் உருட்டினார். "நான் அவளோடை கதைச்சு வருசக்கணக்கு, அண்ணை. தாயில்லாப் பிள்ளை. வாசலுக்கு வந்தால் கொத்திப்போடுவன் எண்டு சொன்னனான். அவள் வரேல்லை. வரட்டும் எண்டு ராவெல்லாம் கதவுக்குத் தாழ் போடாமல் படுத்திருக்கிறன். இவளுக்கும் தெரியாது."

தம்பிஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார். மெல்லத் தலையாட்டினார். அவர் கண்ணும் ஓடுபாதையில் இருந்தது.

"எல்லா வீட்டிலையும் இருக்கு" என்றார் கடைசியில். "என்ரை வீட்டிலையும் ஒரு கதை இருக்கு. விடும். மகள் எங்கை?"

"லண்டனிலை."

சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பிஐயாவின் கை நின்றது.

"லண்டனிலையோ?"

"ஓம். எங்கடை சங்கத்துக்குக் கணக்கெழுத வந்த பெடியன் ஒருத்தன். சண்டிலிப்பாயான். அவன்தான் கூட்டிக்கொண்டு போனவன். தேப்பன் பெரிய தோட்டக்காரனாம். கடல்கரைப் பெட்டை எண்டு எங்களை ஏறெடுத்தும் பாக்கேல்லை. அந்த மனிசனை நான் கண்டதில்லை. கண்டால் ரெண்டு கேள்வி கேக்கோணும் எண்டு வைச்சிருந்தனான். இண்டைக்கு அதுவும் மறந்துபோச்சு."

தம்பிஐயாவின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை நாகேஸ்வரி கண்டாள். வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ பாரமான ஒன்றைத் தலையில் ஏற்றிவிட்டவர் போல இருந்தார். பிறகு மெதுவாக ஏரம்புவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை… பிள்ளை சுகமாயிருக்காமோ? நீங்கள் வடிவாக் கேட்டியளோ?"

'நீர்' என்றிருந்தது 'நீங்கள்' ஆகிவிட்டதை ஏரம்பு கவனிக்கவில்லை. சுருட்டை நீண்ட ஒரு இழுப்பு இழுத்து, புகையை விட்டு, நல்ல மனதோடு அவர் பக்கம் சாய்ந்தார்.

"சுகமாம். அது சரி, இவ்வளவு நேரமாக் கதைக்கிறம், நான் கேக்கேல்லைப் பாருங்கோ. நீங்கள் எந்த ஊர், அண்ணை?"